சுண்டுவிரல் கற்ற பாடம்

நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதர் கிதார் கற்றுக்கொள்ளப் புறப்பட்டால் ஊரார் என்ன சொல்லுவார்கள் என்பதை நேயர்கள் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம். அம்மனிதர் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. "வாத்தியாருக்கு வாத்தியத்தின்மேல் மோகம் வந்துவிட்டது" என்று எதிர் வீட்டு நண்பர் சிலேடை பேசினார். நம் இல்லத்தரசியோ ஒன்றும் பேசவில்லை. மெல்ல எழுந்துபோய் ஜன்னல் கதவுகளைச் சாத்தினாள். எதிர் வீட்டாருக்கு உபத்திரவம் வேண்டாம் என்ற நல்லெண்ணமே காரணம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆயினும் நாம் இந்த வித்தையில் இறங்கியது வெறும் பொழுதுபோக்கிற்காக அன்று. ஒரு பழைய கடனைத் தீர்ப்பதற்காகவே இறங்கினோம். அந்தக் கடன் எங்கே, எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லுமுன் இடத்தைச் சொல்லிவிடுகிறோம்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் வழியாகச் சுமார் 70 கிலோ மீட்டர் சென்றால் கொல்லி மலையின் அடிவாரத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. நாமக்கல் பக்கத்திலிருந்து மலையேறுகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தலை சுற்றிப்போய்ச் சேருவார்கள். நம் பக்கத்தில் அந்தச் சிரமம் இல்லை. அடிவாரத்தில் நின்றபடியே மலையை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடலாம். மேலே அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை என்ற பேரருவியாக விழுகின்ற ஐயாறு, பாறைக்குப் பாறை தாவிக் கீழே இறங்கி, புளியஞ்சோலையில் குழந்தைகளும் குளிக்கத்தக்க ஓடையாகச் சாந்தம் அடைகிறது.

இந்த ஓடைக்கரையில், வறுத்த மீனும் தேநீரும் விற்கும் ஒரு கீற்றுக் கொட்டகையின் பின்புறத்தில்தான் நமது சங்கீத வகுப்பு நடைபெற்றது. ஆசிரியர் நம்மிடம் படித்த மாணவர். மாணவர் நாம்!

*

கடன் விஷயத்திற்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது பள்ளியின் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் துணிப்பை ஒன்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். உள்ளே பழைய கிதார் ஒன்று இருந்தது. அவன் மாமன் வெளியூரிலிருந்து வாங்கி வந்ததாம். "ஐயா, பிள்ளைகள் பாடும் பாரதியார் பாட்டுக்கு நான் இதை வாசிக்கட்டுமா?" என்று கேட்டான்.

நாம் என்ன விடை சொன்னோம் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. "தேசியக் கவியின் பாட்டுக்கு அந்நிய வாத்தியமா? இது பள்ளிக்கூடமடா, சினிமாக் கொட்டகை அல்ல. சுருதிப் பெட்டி போதும்" என்றோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கிதாரைப் பையில் போட்டு, பையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனான். அதே வாரத்தில்தான் வல்வில் ஓரியைப் பற்றி நாம் அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் பொழிந்து தள்ளியிருந்தோம். கொல்லி மலையை ஆண்ட அவ்வள்ளல், தன்னை நாடிவந்த பாணர்களுக்கு வாரி வழங்கிய பெருமையை உணர்ச்சி ததும்ப எடுத்துரைத்தோம். அந்த மலையின் அடிவாரத்திலிருந்தே ஒரு பாணன் நம்மிடம் வந்தான். நாம் அவனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோம்.

பத்தாம் வகுப்புத் தேறியதும் அவன் படிப்பை நிறுத்திவிட்டான். கிதாரை நாம் மறுத்ததனால்தான் நிறுத்தினான் என்று சொல்ல மாட்டோம். வீட்டில் தகப்பனார் படுக்கையில் கிடந்தார், வருமானம் இல்லை. ஆனால் போகிற பிள்ளையைப் பள்ளியோடு பிணைத்து வைக்கக்கூடிய கயிறு ஏதேனும் ஒன்று இருந்திருக்குமானால், அதை அறுத்தது நாமேதான் என்ற எண்ணம் மட்டும் நம்மை விடவில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியஞ்சோலைக்குக் குளிக்கச் சென்றிருந்தோம். தலை துவட்டிக்கொண்டிருக்கையில் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு நாதம் எழுந்தது. மேலே மூன்று ஸ்வரங்கள் மாறாமல் நிற்கின்றன. அடியிலே கனத்த ஸ்வரம் ஒன்று மட்டும் படிப்படியாக இறங்குகிறது. ஸா, நி, தா... பிறகு இன்னும் ஒரு மயிரிழை கீழே ஒரு தா... பிறகு பா. யாரோ ஒருவர் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லாமல் படியிறங்கிப் போவதுபோல் இருந்தது. ஈரத் துண்டுடனே போய்ப் பார்த்தோம். அவனேதான்!

"தம்பி, இது என்னப்பா?" என்றோம்.

அவன் எழுந்து நின்றான். "ஏ மைனர் ஓவர் ஜி, ஐயா" என்றான். பிறகு, குற்றம் செய்தவன்போலக் கிதாரைக் கீழே வைக்கப் போனான். அந்த ஒரு செய்கைதான் நம்மை மாணவனாக்கியது. "கீழே வைக்காதே. எனக்கு அதைக் கற்றுக் கொடு" என்றோம்.

*

மைனர் என்றவுடன், ஜவ்வாதுப் பொட்டும் கழுத்துச் சங்கிலியுமாகச் சொத்தை அழிக்கும் ஜமீன் மைனரை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். கார்டு என்பதும் தபால் கார்டோ ரேஷன் கார்டோ அன்று. மூன்று ஸ்வரங்களோ அதற்கு மேலோ ஒருங்கே ஒலிக்கும் கூட்டத்தை மேல்நாட்டார் கார்டு என்கிறார்கள். ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் கூடினால் மைனர் கார்டு. காந்தாரத்தை மட்டும் ஒரு ஸ்தானம் உயர்த்தி அந்தர காந்தாரம் ஆக்கினால் மேஜர் கார்டு. முன்னது ஏக்கம் தொனிப்பது, பின்னது மலர்ந்த முகம் உடையது என்று பொதுவாகச் சொல்லுவார்கள்.

கார்டின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு போட்டு, இன்னொரு ஸ்வரத்தின் பெயரையும் எழுதியிருந்தால் அது ஸ்லாஷ் கார்டு. கோட்டுக்கு முன்னால் இருப்பது விரல்கள் பிடிக்க வேண்டிய கூட்டம். கோட்டுக்குப் பின்னால் இருப்பது எல்லாவற்றுக்கும் கீழே மந்திரத்தில் ஒலிக்க வேண்டிய ஸ்வரம். அவ்வளவுதான் சூத்திரம். வாயால் சொல்லும்போது கோட்டுக்குப் பதில் 'ஓவர்' என்பார்கள்.

நமது சங்கீதத்தில் கார்டு கிடையாது. ஆனால் கீழேயிருக்கும் ஸ்வரம் மாறினால் மேலேயிருப்பவை அனைத்தும் வேறு முகம் காட்டும் என்ற உண்மையை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். மோகன ராகத்தின் ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் காந்தாரத்தை ஷட்ஜமாக எண்ணிப் பாடினால் ஹிந்தோளம் பிறக்கிறது. ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டால் மத்தியமாவதி. இதனைக் கிரக பேதம் என்பார்கள். மேலே உள்ளதைத் தொடாமல் அடித்தளத்தை மட்டும் மாற்றுவது என்ற அளவில் ஸ்லாஷ் கார்டு அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

*

இனி விரல்களின் கதை. கிதாரில் ஆறு கம்பிகள். மெல்லிய கம்பி முதலாவது. மிகவும் கனத்தது ஆறாவது. கனத்ததிலிருந்து எண்ணினால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டுவது வழக்கம். வீணையில் நாம் மெட்டு என்று சொல்லுவதை இங்கே ஃப்ரெட் என்கிறார்கள். மெட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

ஏ மைனருக்கு ஆட்காட்டி விரல் இரண்டாம் கம்பியின் முதல் மெட்டில் அமர வேண்டும். நடுவிரல் நான்காம் கம்பியின் இரண்டாம் மெட்டில். மோதிர விரல் மூன்றாம் கம்பியின் இரண்டாம் மெட்டில். ஐந்தாம் கம்பியும் முதல் கம்பியும் திறந்தபடி ஒலிக்கும். ஆறாம் கம்பியைத் தொடக்கூடாது. இது வரையில் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. நமக்குத் தலை கால் புரியவில்லை.

பிறகு அவன், "ஐயா, இப்போ ஆறாம் கம்பியைச் சும்மா மீட்டுங்க" என்றான். மீட்டினோம். எந்த விரலும் அசையவில்லை. ஆனால் ஏ மைனர் ஓவர் ஈ கிடைத்துவிட்டது! பஞ்சமம் அடியில் வந்து அமர்ந்ததும் அதே கூட்டம் வாசற்படியில் காலை வைத்துத் தயங்கி நிற்பது போல் ஒலித்தது. ஆகவே, ஸ்லாஷ் கார்டு கற்க விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நலம். செலவில்லாத இலாபம்.

அடுத்தது ஓவர் ஜி. ஆறாம் கம்பியின் மூன்றாம் மெட்டில் ஜி இருக்கிறது. மூன்று விரல்களும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. மிஞ்சியிருப்பது சுண்டுவிரல் ஒன்றே. நாற்பத்தாறு ஆண்டுகளாகக் காது குடைவதைத் தவிர வேறு உத்தியோகம் பார்த்தறியாத விரல் அது! அதை நீட்டினால் மோதிர விரலும் கூடவே எழுந்து வருகிறது. மோதிர விரலை அமர்த்தினால் சுண்டுவிரல் பாதி வழியில் நின்று நடுங்குகிறது.

நாம் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தோம். மோதிர விரலையே மூன்றாம் கம்பியிலிருந்து தூக்கி ஆறாம் கம்பியில் வைத்து, ஐந்தாம் கம்பி ஒலிக்காமல் விட்டு, பெருமிதத்துடன் மீட்டினோம். ஓடைக்கு முதுகு காட்டி அடுப்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவன், திரும்பிப் பாராமலே, "ஐயா, அழுதுக்கிட்டு இருந்தது சிரிச்சிருச்சே!" என்றான்.

அவன் சொன்னது முற்றிலும் சரி. மோதிர விரல் எழுந்தவுடன் மூன்றாம் கம்பியிலிருந்த ஏ மறைந்தது; திறந்த ஜி வந்துவிட்டது. எஞ்சியவை ஜி, ஈ, ஸி மட்டுமே. அது ஸி மேஜர் அல்லவா? மைனரின் உயிரான ஸ்வரத்தையே எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தோம். நாம் பட்டம் பெற்றவர். அவன் பத்தாம் வகுப்போடு நின்றவன். விரலைப் பார்க்காமலே பிழையைக் கண்டவன் அவன்.

பிறகு அவன் சொல்லிக் கொடுத்த முறையை அப்படியே தருகிறோம். பின்புறமுள்ள கட்டை விரல் தண்டின் மேல் எட்டிப் பார்க்கக்கூடாது. நடு முதுகில் பதிந்திருக்க வேண்டும். மணிக்கட்டைச் சற்று முன்னே தள்ள வேண்டும். அப்போது சுண்டுவிரலுக்கு ஓர் அங்குலம் தானாகவே நீளம் கிடைக்கிறது. முதலில் கம்பியை மீட்டாமலே மூன்று விரல்களையும் அழுத்தி, சுண்டுவிரலை மட்டும் வைத்து வைத்து எடுக்க வேண்டும். நாளுக்கு ஐந்து நிமிஷம் போதும். ஒரு நாளும் தவறக்கூடாது. இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும். விரல் நுனி எரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சுண்டுவிரலின் சதை ஐந்தாம் கம்பியை இலேசாகத் தொட்டு அதன் வாயை அடைக்க வேண்டும். ஏன் என்று கேட்டோம். "ரெண்டும் சேர்ந்தா உறுமுதுங்க ஐயா" என்றான். வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தோம். ஐந்தாம் கம்பியின் ஏ வினாடிக்கு 110 அதிர்வுகள் உடையது. அதன் கீழுள்ள ஜி 98. இரண்டும் அடுத்தடுத்து மந்திரத்தில் ஒலித்தால் வினாடிக்குப் 12 முறை ஒன்றையொன்று மோதும். அந்த மோதல்தான் உறுமல். பௌதிகம் சொல்லும் விடையை அவன் செவி முன்பே சொல்லிவிட்டது.

ஓவர் எஃப் ஷார்ப் இதைவிட வேடிக்கையானது. ஆட்காட்டி விரல் மட்டும் வீட்டுக்காரர்போல் அசையாமல் இருக்கும். மற்ற மூவரும் குடி மாறுவார்கள். நடுவிரல் ஆறாம் கம்பியின் இரண்டாம் மெட்டுக்குப் போகும். அது காலி செய்த இடத்துக்கு மோதிர விரல் வரும். மோதிர விரலின் இடத்துக்குச் சுண்டுவிரல் வரும். ஐந்தாம் கம்பியை இப்போது நடுவிரல் மௌனமாக்க வேண்டும். ஆறாம் கம்பியின் முதல் மெட்டில் உள்ள எஃப்பைக் கட்டை விரலை மேலே வளைத்துப் பிடிப்பது சிலர் வழக்கம். அவன் பிடிக்கிறான். நம் கட்டை விரல் மறுத்துவிட்டது; நாம் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

ஏ என்பதை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள். ஜி கைசிகி நிஷாதம், எஃப் ஷார்ப் சதுச்ருதி தைவதம், எஃப் சுத்த தைவதம், ஈ பஞ்சமம். சதுச்ருதி தைவதம் நிற்கும் வரையில் 22-வது மேளமான கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள். சுத்த தைவதத்துக்கு இறங்கியதும் 20-வது மேளமான நடபைரவியின் ஸ்வரங்கள். கமகமும் சஞ்சாரமும் இல்லாமல் ராகம் ஆகிவிடாது என்பது உண்மையே. ஆனாலும் மனம் ஏன் அந்த இடத்தில் சட்டென்று கனத்தது என்பதற்கு நமக்கு இதனால் ஒரு விளக்கம் கிடைத்தது.

மந்திர ஸ்வரம் படியிறங்குவதைத் துக்கத்தின் அடையாளமாகக் கொள்ளுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். இத்தாலியரான மாண்டவெர்தி 1638-ல் வெளியிட்ட தொகுதியில் ஒரு பெண்ணின் புலம்பல் இருக்கிறது. அதன் அடியில் நான்கே ஸ்வரங்கள், நாம் மேலே சொன்ன ஸா, நி, சுத்த தா, பா என்ற வரிசையிலேயே, திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டிருக்கின்றன. நம் கிராமத்து ஒப்பாரியும் உச்சியில் எடுத்துப் படிப்படியாகக் கீழே வந்துதான் அடங்குகிறது. அழுகைக்கு எந்த நாடு சொந்த நாடு?

*

இங்கே "அந்நிய வாத்தியம்" என்ற நம் பழைய வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக விளங்கினார். பாரதியார் பிறந்த அதே எட்டயபுரந்தான்! இன்று பிடில் இல்லாத கச்சேரியை நாம் நினைத்துப் பார்க்க முடியுமா? ஹார்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. மாண்டலினைக் கர்நாடக மேடைக்கு உரியதாக்கிவிட்டுச் சென்றார் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). பண்ணைப்புரம் என்ற சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் பயின்று, கிதாரில் லண்டன் டிரினிடி சங்கீதக் கல்லூரிப் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்றவர் இளையராஜா. 1976-ல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது, நாட்டுப்புறத்து மெட்டும் மேல்நாட்டுக் கூட்டிசையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதை வயல் வரப்பில் நின்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

வாத்தியத்துக்குச் சுதேசி, விதேசி என்ற பட்டம் மரத்தினால் வருவதன்று. அதை மீட்டும் மனத்தினால் வருவது. நமக்குச் சொந்தமான யாழையோ நாம் கைநழுவ விட்டுவிட்டோம். விபுலானந்த அடிகள் அரும்பாடுபட்டு ஆராய்ந்து 1947-ல் 'யாழ் நூல்' வெளியிட வேண்டியதாயிற்று. வில்லின் நாணோசையிலிருந்துதான் முதல் யாழ் தோன்றியிருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுவர். வில் யாழ் என்ற பெயரே அதற்குச் சான்று. ஒரே அம்பினால் யானை முதலாகப் பல விலங்குகளை வீழ்த்தினான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிய ஓரியின் மலையடிவாரத்தில், வில்லின் வம்சத்தில் வந்த ஒரு நரம்புக் கருவியை நாம் அந்நியம் என்று தள்ளினோம். ஓரி, பாணர் கையிலிருந்தது எந்த யாழ் என்று விசாரித்துவிட்டா பொருள் கொடுத்தான்?

*

பத்து மாத காலம் ஞாயிறுதோறும் போய் வந்தோம். இப்போது நம் சுண்டுவிரல் பத்து முறைக்கு ஏழு முறை சொன்ன பேச்சைக் கேட்கிறது. இல்லத்தரசி ஜன்னலைச் சாத்துவதில்லை. சென்ற வாரம் நாம் அவனிடம், "இந்த ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாரதியார் பாட்டுப் பாடுகிறார்கள். நீ வந்து வாசிக்க வேண்டும். அன்றைக்கு நான் சொன்னது தப்பு" என்றோம். அதைச் சொல்லுவதற்குத்தான் பத்து மாதம் ஆயிற்று என்பதை இப்போது ஒப்புக்கொள்ளுகிறோம்.

அவன் சற்று நேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்களும் கூட வாசிப்பீங்களா ஐயா?" என்றான்.

"வாசிக்கிறேன்."

"அப்போ முதல்ல அந்த அஞ்சாம் கம்பியை மூடுங்க. இன்னும் உறுமுது."

நம்முடைய சட்டைப் பையில் மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதற்கான விண்ணப்பம் ஒன்று நான்காக மடித்துக் கிடந்தது. எடுத்துக் கொடுத்தோம். எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, கிதாரின் துணிப்பைக்குள் வைத்தான். அதே பழைய பைதான். ஆனால் இம்முறை அதன் வாயைக் கயிற்றால் கட்டவில்லை.

நாம் ஐந்தாம் கம்பியை மூடிக்கொண்டு, மீண்டும் ஏ மைனரிலிருந்து தொடங்கினோம்.